செயலாளரின் ஆண்டறிக்கை: வெள்ளிக்கிழமைக் கூட்டம், வராத உறுப்பினர்கள், வராத சந்தா

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, நிர்வாகக் குழு நண்பர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கல்லூரி மாணவர்களிடையே போதைப் பழக்கத்தைத் தடுக்கவும், அதிலிருந்து மீள நினைப்பவர்களுக்குத் துணை நிற்கவும் தொடங்கப்பட்ட நம் சங்கத்தின் ஆண்டறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை, சேரும்வரை காத்திருந்ததால் கூட்டம் தாமதமாகத் தொடங்கியது. அதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்.

நிர்வாகக் குழு மாதந்தோறும் கூடியது. புதிய மாணவர்கள் சேரும் பருவத்தில் கல்லூரிகளில் வழக்கம்போல் பேசினோம். துண்டறிக்கை அச்சிட்டு விநியோகித்தோம். ஓவியப் போட்டி நடத்திப் பரிசு கொடுத்தோம். ஐ.நா. பொதுச்சபை 1987-ல் அறிவித்த போதைப்பொருள் எதிர்ப்பு நாளான ஜூன் 26 அன்று பேரணியும் பொதுக்கூட்டமும் நடந்தன.

அந்தப் பொதுக்கூட்டத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மேடையேறியவர்களில் பலரும் மாணவர் சமுதாயமே போதையில் மூழ்கிக் கிடக்கிறது என்ற ரீதியில் பேசினார்கள். அக்கறையோடுதான் பேசினார்கள், மறுக்கவில்லை. ஆனால் கீழே உட்கார்ந்து கேட்கிற முதலாண்டு மாணவன் மனதில் அது எப்படிப் பதியும்? ஊரே குடிக்கிறது, நான் ஒருத்தன்தான் பாக்கி என்று பதியும். அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் பெர்கின்ஸ், பெர்கோவிட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1986-லேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். கூடப் படிப்பவர்கள் குடியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று மாணவர்கள் உள்ளதைவிடக் கூடுதலாகவே கணக்குப் போடுகிறார்கள். அந்தத் தப்புக் கணக்கு அவர்களையும் அந்தப் பக்கம் இழுக்கிறது. தொடாமல் இருப்பவர்கள் எத்தனையோ பேர் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். நம் மேடையில் அவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை. அடுத்த முறை பேச்சாளர்களை அழைக்கும்போது இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

முதலுதவிப் பயிற்சி நன்றாக நடந்தது. குடித்து மயங்கிக் கிடப்பவனை, "தூங்கட்டும், காலையில சரியாயிடும்" என்று மல்லாக்க விட்டுவிட்டுப் போவது விடுதிகளில் சகஜம். வாந்தி மூச்சுக்குழாயில் இறங்கினால் உயிரே போகலாம். பயிற்சியில் ஒல்லியான மாணவி ஒருத்தி, தன்னைவிட நல்ல கனமான மாணவனை ஒற்றை ஆளாக ஒருக்களிக்க வைத்துக் காட்டினாள். அருகிலிருக்கும் கையை விரித்து வைத்தாள், மறுபுறக் கையைக் கன்னத்துக்கு அடியில் கொடுத்தாள், மறுபுற முழங்காலை மடக்கிப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். ஆள் தானாகவே புரண்டான். காபி கொடுப்பதாலோ தலையில் தண்ணீர் ஊற்றுவதாலோ போதை இறங்காது, கல்லீரல் தன் வேகத்தில்தான் வேலை செய்யும் என்பதை மருத்துவர் விளக்கினார். தூக்க மாத்திரையும் மதுவும் சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடக்கூடும் என்பதையும் சொன்னார். ஹெராயின், மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வகைப் போதையில் மூச்சு நின்றுபோகிற ஒருவரை நலாக்சோன் மருந்து மீட்கும். ஆனால் அதன் வேகம் தணிந்ததும் மூச்சு மறுபடி அடங்கலாம், அதனால் ஆள் எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோயே ஆக வேண்டும்.

இத்தனையும் கற்றுக்கொண்ட மாணவர்கள் கடைசியில் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "போன் பண்ணினா வார்டனுக்குத் தெரிஞ்சிடுமே சார்?" நண்பன் உயிர் ஊசலாடும்போது அவர்கள் யோசிப்பது தங்கள் மேல் வரப்போகிற நடவடிக்கையை. அதனால்தான் உதவிக்கு அழைத்த மாணவர் மீதும், யாருக்காக அழைத்தாரோ அவர் மீதும் ஒழுங்கு நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று கேட்டு எல்லாக் கல்லூரி நிர்வாகங்களுக்கும் கடிதம் எழுதினேன். பல வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் இது எழுத்துப்பூர்வமான விதியாகவே இருக்கிறது. ஒரு நிர்வாகம் "பரிசீலிக்கிறோம்" என்றது. இன்னொன்று, "எங்கள் கல்லூரியில் அப்படிப்பட்ட மாணவர்கள் யாரும் இல்லை" என்று பதில் போட்டது. மற்றவர்கள் பதிலே போடவில்லை. அப்படிப்பட்ட மாணவர்கள் இல்லாத கல்லூரி என்று ஒன்று கிடையாது. பெயர் கெட்டுவிடும் என்று மூடி வைக்கிற கல்லூரியில்தான் விஷயம் வெளியே வரும்போது கைமீறிப் போயிருக்கிறது. கடிதத்தை இந்த ஆண்டும் அனுப்புவேன்.

இனி, பழக்கத்திலிருந்து மீண்டுவரும் மாணவர்களுக்காக வாரந்தோறும் நாம் நடத்துகிற வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு வருகிறேன். நான் பொறுப்பேற்றதும் எடுத்துச் செய்த வேலை இது. பேரணிச் செலவைக் குறைத்து அந்தப் பணத்தில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்தது சங்கத்தின் நோக்கத்துக்கு வெளியே போவதாக நிர்வாகக் குழுவிலேயே சிலர் சொன்னார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே விளக்குகிறேன்.

தடுப்புக்காக நாம் நிறையச் செய்கிறோம். ஏற்கெனவே பழக்கத்தில் விழுந்து, சிகிச்சை எடுத்து, மறுபடி வகுப்புக்கு வந்து உட்கார்ந்திருக்கிற மாணவனுக்கு என்ன செய்கிறோம்? மறுவாழ்வு மையத்திலிருந்து நேராக அதே விடுதி, அதே அறை, அதே சிநேகிதர்கள். பிறந்தநாள் என்றாலும் பாட்டில், தேர்வு முடிந்தது என்றாலும் பாட்டில். இந்தச் சிக்கலை மற்ற இடங்களில் எப்போதோ கண்டுகொண்டார்கள். அமெரிக்காவில் பிரவுன் பல்கலைக்கழகம் 1977-லேயே மீண்டுவரும் மாணவர்களுக்கென்று ஏற்பாடு செய்தது. அங்கேயே ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் 1988-ல் அவர்களுக்குத் தனி விடுதியே திறந்தது. மாணவன் படிப்பைவிட்டும் போகக் கூடாது, தெளிவைவிட்டும் போகக் கூடாது என்பதே இவற்றின் நோக்கம். நம்மால் விடுதி கட்ட முடியாது. வாரம் ஒரு மாலை ஓர் அறையைத் திறந்து வைக்க முடியும்.

அங்கே என்ன நடக்கிறது என்று நேரில் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நாற்காலிகளை வட்டமாகப் போடுகிறோம். உரை, அறிவுரை எதுவும் கிடையாது. பேச நினைப்பவர் பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள். வாயே திறக்காமல் போகிறவரையும் யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. ஒரு மாணவன் பல வாரங்கள் பையை மடியில் வைத்தபடி கதவோரமாகவே உட்கார்ந்திருந்தான். எந்நேரமும் எழுந்து ஓடத் தயாராக இருந்தான். ஒருநாள் பையைக் கீழே வைத்துவிட்டு, "போன சனிக்கிழமை ரூம்ல எல்லாரும் குடிச்சாங்க, நான் மொட்டைமாடியில போய் படுத்துட்டேன்" என்றான். அதைக் கேட்டு இன்னொருவன், "அடுத்த தடவை எனக்கு போன் பண்ணு, நான் வரேன்" என்றான். எந்தப் பேரணியிலும் இதைச் சாதிக்க முடியாது. 1935-ல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் குடியை விடத் தவித்த ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவைச் சிகிச்சை மருத்துவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசியதில்தான் குடியிலிருந்து மீள்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கமே பிறந்தது.

வருகைப் பதிவேடு ஏன் இல்லை என்று சிலர் கேட்டார்கள். பெயர் எழுதச் சொன்னால் ஒருவரும் வர மாட்டார்கள். நான் பொறுப்பில் இருக்கும்வரை அங்கே பதிவேடு வராது.

ஒரே பையன் திரும்பத் திரும்பச் சறுக்குகிறான், அவனுக்காகச் செலவழிப்பது வீண் என்றும் ஓர் உறுப்பினர் சொன்னார். சிகிச்சை முடிந்து போகிறவர்களில் 40 முதல் 60 சதவீதம் பேர் ஓராண்டுக்குள் மறுபடி தொட்டுவிடுகிறார்கள் என்று அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழ் 2000-ல் வெளியிட்ட கட்டுரை சொல்கிறது. ரத்த அழுத்தம், ஆஸ்துமா, நீரிழிவு உள்ளவர்களிடமும் மருந்தை விடுவது, நோய் திரும்புவது எல்லாம் இருப்பதாக அதே கட்டுரை ஒப்பிட்டுக் காட்டுகிறது. சர்க்கரை ஏறிவிட்டது என்பதற்காக எந்த மருத்துவரும் நோயாளியை வெளியே அனுப்புவதில்லையே. சறுக்கியவன் திரும்பவும் நம் கதவைத் தட்டுகிறான் என்றால் கூட்டம் அவனுக்கு உதவியிருக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

பெற்றோருக்கும் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஓர் அம்மா போனில், "லீவு முழுக்க வீட்டுல இருந்தான் சார், எதையும் தொடல. நல்லாயிட்டான். இன்னும் எதுக்குக் கூட்டம்?" என்று கேட்டார். "நல்லா இருந்ததே பெரிய விஷயம்மா. ஆனா இனிமேதான் அவனுக்குத் துணை வேணும்" என்றேன். சில வாரங்கள் விட்டிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது. பழைய நினைப்பில் அதே அளவை எடுப்பவர்கள் உயிரை இழப்பது அப்படித்தான், குறிப்பாக ஓபியாய்டு பழக்கம் இருந்தவர்கள். அதேபோல் நாள்தோறும் அதிகமாகக் குடித்து வந்தவரிடம் "இன்றோடு நிறுத்து" என்று நம் தொண்டர்கள் சொல்லவே கூடாது. மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் சட்டென்று நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வரலாம். முதலில் மருத்துவர், அப்புறம்தான் நம் நாற்காலி.

சரி, வராதவர்களைப் பற்றிப் பேசுவோம். கூட்டத்தைத் திறந்து வைக்கவும், முடியும்வரை உடனிருக்கவும் உறுப்பினர்கள் முறை போட்டுக்கொள்வது என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தோம். பலர் கைதட்டிப் பெயர் கொடுத்தீர்கள். நடைமுறையில் ஒரு சிலர்தான் மாறி மாறி வருகிறோம். கடைசி நேரத்தில் "வர முடியலை" என்று குறுஞ்செய்தி அனுப்புகிறவர்களாவது பரவாயில்லை. ஒரு வெள்ளிக்கிழமை சாவி வைத்திருந்தவர் வரவும் இல்லை, போனை எடுக்கவும் இல்லை. மாணவர்கள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அன்று முதல்முறையாக வந்த ஒருவன் பூட்டைப் பார்த்துவிட்டுப் போனான். இன்றுவரை திரும்பவில்லை. யார் முறை என்று நான் இங்கே சொல்லப் போவதில்லை. அவருக்குத் தெரியும். இன்றைய கோரமும் இதே கதைதான்.

சந்தா நிலவரமும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. உறுப்பினர்களில் கணிசமானவர்கள் இந்த ஆண்டுச் சந்தாவைக் கட்டவில்லை. முந்தைய ஆண்டின் பாக்கியே சிலருக்கு நிற்கிறது. நினைவூட்டல் அனுப்பினால் வருத்தப்படுகிறார்கள். பேரணியில் முன்வரிசையில் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டவர்களும் இதில் இருப்பதுதான் எனக்கு வருத்தம்.

வரவு செலவுக் கணக்கு தணிக்கை செய்யப்பட்டுவிட்டது. விவரத்தைப் பொருளாளர் சுற்றுக்கு விடுவார். சந்தாவும் நன்கொடையும் பெரும்பாலும் வாடகை, அச்சு, பயிற்சிச் செலவுகளுக்குச் சரியாகப் போயின. கையிருப்பு குறைந்திருக்கிறது. நிலை வைப்பைத் தொடவில்லை.

ஆண்டு முழுவதும் வழிகாட்டிய தலைவர் அவர்களுக்கும், கணக்கைச் செம்மையாகப் பராமரித்த பொருளாளருக்கும், பயிற்சியளித்த மருத்துவருக்கும், தணிக்கையாளருக்கும், பேரணிக்கு அனுமதி அளித்த அதிகாரிகளுக்கும் நன்றி. வெள்ளிக்கிழமைகளில் தவறாமல் வந்து நின்ற அந்தச் சிலருக்கு என் தனிப்பட்ட நன்றி.

வரும் ஆண்டில் அறையின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். தேர்வுக் காலத்தில் மாத்திரைகளை நம்பி விழித்திருந்து படிப்பதைப் பற்றி மாணவர்களோடு பேசவும், பெற்றோருக்கென்று தனிக் கூட்டம் தொடங்கவும் எண்ணம் இருக்கிறது. செயலாளர் பொறுப்பில் தொடர எனக்கு விருப்பமே. ஆனால் இப்போதிருக்கும் ஆள்பலத்தை வைத்து இன்னோர் ஆண்டு கூட்டத்தைத் தடங்கலில்லாமல் நடத்த முடியாது என்பதையும் பதிவு செய்கிறேன். அறையை விட்டுவிடலாம் என்று பொதுக்குழு நினைத்தால் அதை இன்றே தீர்மானமாகச் சொல்லிவிடுங்கள், மாணவர்களிடம் நானே போய்ச் சொல்கிறேன். வேண்டும் என்று நினைத்தால் புதிய முறைப்பட்டியல் என்னிடம் இருக்கிறது, ரசீதுப் புத்தகம் பொருளாளர் மேசையில் இருக்கிறது. கூட்டம் கலைவதற்கு முன் இரண்டையும் பார்த்துவிட்டுப் போங்கள். பட்டியலில் பெயரோடு, வரக்கூடிய தேதியையும் உங்கள் கையாலேயே எழுதுங்கள்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்