கடையை மூடும் முன் ஒரு சீட்டு ஒட்டுங்கள்

உள், மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறைச் செயலாளருக்கும், மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளருக்கும் வணக்கம்.

இருவருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன். நீங்கள் இருவரும் உட்கார்ந்திருப்பது ஒரே கோட்டை வளாகத்தில்தான், ஆனால் தினமும் குடித்துப் பழகிய எங்களைப் போன்றவர்கள் விஷயத்தில் ஒருவர் செய்வது இன்னொருவருக்குத் தெரிகிற மாதிரி இல்லை. ஒருவர் டாஸ்மாக் கடையை மூடுகிறார். குடி திடீரென்று நின்றுபோய், மூடிய இரண்டாம் நாள் ஆள் வலிப்பு வந்து விழுவது இன்னொருவருடைய ஆஸ்பத்திரி வாசலில்.

நான் கோவையில் லேத் பட்டறையில் வேலை செய்கிறவன், வயது 47. பதினெட்டு வருடம் குடித்தேன். அதில் கடைசி ஏழு வருடம், காலையில் பல் விளக்கும் முன்னால் ஒரு கட்டிங் போட்டால்தான் கையில் வெர்னியர் அளவுகோல் ஆடாமல் நிற்கும் என்கிற நிலை. கடை பகல் 12 மணிக்குத்தானே திறக்கிறது, காலையில் எப்படி என்று கேட்காதீர்கள். ராத்திரியே வாங்கி பைக் பெட்டிக்குள் வைத்துக்கொள்வோம், இல்லாவிட்டால் விடியற்காலையில் எங்கே கிடைக்கும் என்பது ஊருக்கே தெரியும், உங்களுக்குத் தெரியாதா.

முதல் தடவை விட்டது 2022 கார்த்திகை ஒன்றாம் தேதி. மாலை போட்டேன். என்னைப் போல் எத்தனையோ பேர் வருடத்தில் அந்த ஒன்றரை மாதம்தான் சரக்கைத் தொடாமல் இருக்கிறார்கள், அதனால் எனக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. அன்று சாயங்காலமே கை உதற ஆரம்பித்தது. ராத்திரி பூராவும் வேர்வை, பாய் நனைந்துவிட்டது. இரண்டாம் நாள் ராத்திரி சுவரில் நூல் மாதிரி மெல்லிசாகப் பூச்சிகள் ஊர்ந்தன, நான் துடைப்பத்தால் தட்டிக்கொண்டே இருந்தேன். குருசாமியிடம் சொன்னபோது "ஐயப்பன் சோதிக்கிறார் சாமி, தாங்கிக்கோங்க" என்றார். தாங்கிக்கொண்டேன், ஐந்தாம் நாள் சரியாகிவிட்டது. அது என் அதிர்ஷ்டம் என்பது அப்போது தெரியாது. நிறுத்துவது என்றால் நாலு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பது, அவ்வளவுதான் என்று மனதில் பதிந்துபோனது. அந்தத் தப்பான பாடம்தான் அடுத்த தடவை என்னைக் கொல்லப் பார்த்தது.

பதினான்கு மாதம் குடிக்கவில்லை. அப்புறம் தை மாதம் பெரியப்பா மகன் இறந்துபோனான். எடுத்துப் போட்டுவிட்டு வந்த சாயங்காலம், ஆற்றங்கரையில் எல்லாரும் கையில் வைத்திருந்தார்கள், ஒரு கட்டிங்தானே என்று வாங்கினேன். ஒன்றும் ஆகவில்லை. மறுநாளும் ஒன்றும் ஆகவில்லை. மூன்றே வாரத்தில் பழைய அளவுக்கு வந்துவிட்டேன், இந்தத் தடவை ஒளித்துக் குடித்தேன். முன்பு குடித்தபோது இருந்த வெட்கத்தைவிட இது பத்து மடங்கு. பதினான்கு மாதமாக "உங்களைப் பாத்துத்தானுங்க என் தம்பி திருந்தணும்" என்று சொல்லிக்கொண்டிருந்த மனைவியின் முகத்தை எப்படிப் பார்ப்பது? குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடுகிற ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்துக்குப் போய் "ஸ்லிப் ஆகிட்டேன்" என்று சொன்னால் கையைப் பிடித்துக்கொள்வார்கள் என்று இப்போது தெரிகிறது. அப்போது அந்தத் தெருப் பக்கமே போகவில்லை.

2024 ஏப்ரலில் நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. ஏப்ரல் 17, 18, 19 மூன்று நாளும் கடை கிடையாது என்று அறிவித்தீர்கள். சரி, இதுதான் சமயம், தொடர்ந்து மூன்று நாள் கிடைக்காது, யாருக்கும் தெரியாமல் விட்டுவிடலாம் என்று முடிவு செய்து 16-ம் தேதி ராத்திரியோடு நிறுத்தினேன். வேண்டுமென்றே பைக் பெட்டியைக் காலியாக வைத்தேன்.

18-ம் தேதி காலை, சட்டை மாட்டிக்கொண்டிருந்தவன் அப்படியே விழுந்து வெட்டி வெட்டி இழுத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து சாவிக்கொத்தைக் கையில் திணித்தாராம். இருபது வருடமாக இரும்புக்கு நடுவிலேயே நிற்பவன் நான், இரும்புக்கு வலிப்பு நிற்கும் என்றால் எனக்கு வந்தே இருக்கக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, அதுதான் செய்ய வேண்டியது. தெருமுனை கிளினிக்கில் "வெயில், சத்தில்லை" என்று ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். கடைசியாக எப்போது குடித்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒளித்துக் குடித்தவன் எப்படிச் சொல்வேன்?

அன்று ராத்திரி வீட்டுக்குள் லேத் ஓடியது. நிஜமாகவே ஓடியது எனக்கு, சுழலும் பிடியான சக்கில் துணி மாட்டிச் சுற்றிக்கொண்டிருந்தது, அதை நிறுத்த சுவரில் சுவிட்சைத் தேடிக்கொண்டே இருந்தேன். மனைவி "ஏனுங்க, நான் யாருன்னு தெரியுதுங்களா" என்று கேட்டாளாம். நான் அவளை மேஸ்திரி என்று நினைத்து, ஷிஃப்ட் முடிந்துவிட்டது என்று சொன்னேனாம். ராத்திரி இரண்டு மணிக்கு 108 வந்து ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. அங்கே இருந்தவர் என்னைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை, "குடிச்சிட்டு வந்தா இப்படித்தாம்மா, விடிஞ்சா தெளிஞ்சிரும்."

ஐயா, நான் குடிக்காததால்தான் அங்கே கிடந்தேன்.

காலையில் வந்த இன்னொரு மருத்துவர்தான் அந்த ஒரு கேள்வியைக் கேட்டார். மனைவிக்கு அதற்குள் விஷயம் புரிந்துவிட்டது, பாட்டில் மூடிகளைக் கணக்குப் பார்த்து "செவ்வாய்க்கிழமை ராத்திரிங்க" என்றாள். அதற்கப்புறம் மூளையை அமைதிப்படுத்துகிற லோராசிபாம் ஊசி, தயமின் என்கிற வைட்டமின் பி1 ஊசி. என்னை அந்த ஊசிகளோடு சேர்த்துக் காப்பாற்றியது அந்தக் கேள்வியும்தான். தேர்தல் நாளன்று நான் கட்டிலில் கட்டிப்போடப்பட்டிருந்தேன், என் ஓட்டு யாருக்கும் போகவில்லை.

பிறகு அந்த மருத்துவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். லேத்தில் கனமான ஜாபை, அதாவது கடைய வந்த இரும்பை, வெட்டும்போது மோட்டார் கூடுதலாக இழுத்துத்தான் தன் வேகத்தைக் காப்பாற்றிக்கொள்ளும். வெட்டுகிற டூலைச் சட்டென்று எடுத்துவிட்டால் ஒரு கணம் ஸ்பிண்டில் என்கிற சுழல்தண்டு எகிறும். சாராயம் மூளையை அடக்கி வைக்கிற காபா என்கிற ரசாயனத்துக்குப் பலம் கொடுக்கிறது, தூண்டிவிடுகிற குளுட்டமேட்டை அமுக்குகிறது. வருடக்கணக்கில் தினமும் அப்படி நடந்தால் மூளை அதற்கு எதிராகத் தன் வேகத்தை ஏற்றி வைத்துக்கொள்கிறது. குடியை ஒரே நாளில் எடுத்துவிட்டால் அந்த ஏற்றி வைத்த வேகம் மட்டும் மிச்சம். எகிறுகிறது.

எகிறுவதற்கு ஒரு கணக்கும் இருக்கிறது. கடைசியாகக் குடித்த ஆறேழு மணி நேரத்திலேயே நடுக்கம், வேர்வை, குமட்டல் தொடங்கலாம். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள். ஆள் அடையாளம் தெரியாமல், காய்ச்சலும் படபடப்புமாகப் பேய் பிடித்த மாதிரி ஆகிறதே, டெலிரியம் டிரெமன்ஸ் என்கிறார்கள், அது இரண்டாம் நாளுக்கு மேல் நாலாம் நாளுக்குள். சிகிச்சை கிடைத்தால் அதில் சாவது நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு, கிடைக்காவிட்டால் அதைவிடப் பல மடங்கு. எப்போதாவது குடிப்பவருக்கு இதெல்லாம் கிடையாது, தினமும் அதிகமாகக் குடிக்கிற எல்லாருக்கும் வருவதும் இல்லை. ஆனால் ஒருமுறை வலிப்போ பிதற்றலோ வந்தவருக்கு அடுத்த முறை வர வாய்ப்பு அதிகம், விட்டு விட்டுக் குடித்து விட்டு விட்டு நிறுத்துகிறவருக்கு ஒவ்வொரு தடவையும் முந்தியதைவிட மோசமாகலாம். முதல் தடவை பூச்சி, இரண்டாம் தடவை லேத். மூன்றாம் தடவை என்னவாக இருக்கும் என்று நான் யோசிக்க விரும்பவில்லை.

இப்போது செயலாளர் அவர்களே, நீங்கள் கடையை மூடுகிற கணக்கை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாக்குப்பதிவு முடிவதற்கு முந்திய 48 மணி நேரம் மது விற்கக் கூடாது என்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135சி பிரிவு. ஓட்டுக்குச் சரக்கு கொடுப்பதைத் தடுக்க வந்த சட்டம், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் 48 மணி நேரம் என்பது வலிப்பு வரக்கூடிய காலம் முழுவதையும் அப்படியே மூடி, பிதற்றல் தொடங்குகிற இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. காந்தி ஜெயந்தி, வள்ளுவர் தினம், வள்ளலார் நாள் என்று ஒற்றை நாளாக மூடும்போது பிளாக்கில் வாங்கிச் சமாளித்துவிடுவார்கள், காசில்லாதவனுக்குத்தான் உதறல். நான் கடையைத் திறந்து வையுங்கள் என்று கேட்கவில்லை, இதைத் தப்பாகப் படித்துவிடாதீர்கள். மூடுவது எந்தத் தேதி என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். யார் வந்து விழப்போகிறார்கள் என்று பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தெரியாது. இதுதான் என் புகார்.

2020-ல் இது எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மார்ச் 24 சாயங்காலம் மூடிய கடை மே 7-ல் திறந்து, மறுநாளே உயர்நீதிமன்றம் மூடச் சொல்லி, உச்ச நீதிமன்றம் போய் 16-ம் தேதி மறுபடி திறந்தது. திறப்பதற்கு அத்தனை வக்கீல்கள் ஓடினார்கள், நடுவில் போன அந்த ஆறு வாரத்தில் சவர லோஷனைக் குடித்துச் செத்தவர்கள் செய்தியாக வந்து போனார்கள். கேரளத்தில் மருத்துவர் சீட்டு கொடுத்தால் மது வழங்கலாம் என்று மார்ச் 30-ல் உத்தரவு போட்டார்கள், மருத்துவர்கள் எதிர்த்தார்கள், ஏப்ரல் 2-ல் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. அந்த உத்தரவு தப்பு என்றுதான் நானும் நினைக்கிறேன், கொடுக்க வேண்டியது மாத்திரை, பிராந்தி இல்லை. ஆனால் இப்படி ஒரு நோய் இருக்கிறது என்றாவது அங்கே ஒரு அரசாங்கம் காகிதத்தில் ஒப்புக்கொண்டது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது குடும்பத்துக்கு 10 லட்சம் அறிவித்தீர்கள். குடியை நிறுத்திச் செத்தவனுக்குப் பணம் கேட்கவில்லை, அவனை எண்ணவாவது செய்யுங்கள். சான்றிதழில் வலிப்பு, மாரடைப்பு என்று ஏதோ ஒன்று போட்டு முடிந்துவிடுகிறது.

சென்னையில் டி.டி.கே. மருத்துவமனை 1980-லிருந்து குடியை விடுவதற்கான சிகிச்சையைச் செய்துகொண்டிருக்கிறது. 2025-ல் நீங்களும் கலங்கரை என்று 25 போதை மீட்பு மையங்கள் திறந்தீர்கள், நல்லது. ஆனால் 2019-ல் மத்திய அரசு வெளியிட்ட எய்ம்ஸ் ஆய்வுப்படி குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைக்கிறது. மிச்சம் 37 பேர் என்ன செய்கிறார்கள்? மாலை போடுகிறார்கள், கோயிலில் கயிறு கட்டுகிறார்கள், மருத்துவரே இல்லாத இல்லங்களில் பூட்டி வைக்கப்படுகிறார்கள், குழம்பில் தெரியாமல், குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்கிற டைசல்பிராம் மாத்திரையைக் கலந்து கொடுக்கப்படுகிறார்கள், அதன் மேல் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம் என்று கலக்குகிறவருக்கும் தெரியாது. கயிறு கட்டுவதை நான் கேலி செய்யவில்லை. கட்டட்டும், கட்டுவதற்கு முன் ஒரு மருத்துவரைப் பார்த்துவிட்டுக் கட்டட்டும்.

கேட்பது பெரிய செலவில்லை. நிறுத்தும்போது வருகிற நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்குகிற குளோர்டயசிபாக்சைடு மாத்திரையும் தயமினும் விலை அதிகமுள்ள மருந்துகள் இல்லை. அந்த மாத்திரையை ஒரு வாரம் போலத் தினமும் அளவைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்துகிற முறை, மருத்துவர் கண்காணிப்பில் மட்டும், ஏனென்றால் அதையும் சரக்கையும் சேர்த்துப் போட்டால் மூச்சே நின்றுபோகலாம். குளுக்கோஸ் ஏற்றும் முன்னால் தயமின் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சத்துக் காய்ந்துபோன மூளை நிரந்தரமாகக் கெட்டுவிடலாம் என்பது தெருமுனை கிளினிக் வரைக்கும் போய்ச் சேர வேண்டும். ராத்திரி டூட்டியில் இருப்பவர் வலிப்போடு வருகிற ஒவ்வொரு ஆளிடமும், பொம்பளையாக இருந்தாலும், கடைசியாக எப்போது குடித்தீர்கள் என்று சாதாரணமாகக் கேட்க வேண்டும். மறுபடி குடித்துவிட்டேன் என்று வருகிறவனிடம் "போன வருஷமே வந்தியேப்பா" என்று சொல்லாதிருக்க வேண்டும். பட்டறையில் ஜாப் அளவு தப்பினால் உடனே ஸ்கிராப்பில் போடுவதில்லை, முதலில் ரீவொர்க் ஆகுமா என்றுதான் பார்ப்போம், இரண்டு தடவை ரீவொர்க் செய்த ஷாஃப்டும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

அப்புறம் அந்தச் சீட்டு. வருடத்துக்கு அரசுக்கு 45 ஆயிரம் கோடிக்கு மேல் கொடுத்த கூட்டம் நாங்கள், எங்களுக்காக ஒரு காகிதம் அச்சடிக்கலாம். "மது நாட்டிற்கு வீட்டிற்கு உயிருக்குக் கேடு" என்று பாட்டிலில் போட்டதை நாங்கள் பல வருடம் படித்துக்கொண்டேதான் மூடியைத் திருகினோம், அதனால் அந்த மாதிரி வேண்டாம். போன அக்டோபர் 1-ம் தேதி எங்கள் ஏரியா கடைக்குப் பக்கத்துச் சுவரில் நானே கையால் எழுதி ஒட்டினேன், இரண்டு நாளில் யாரோ கிழித்துவிட்டார்கள். எழுதியதைக் கீழே தருகிறேன், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், என் பெயர் போட வேண்டாம்.

"நாளைக்குக் கடை லீவு. தினமும் காலையில் குடித்தால்தான் கை நிற்கிறது என்றால், திடீரென்று நிறுத்துவது ஆபத்து. முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்திருந்தால் இன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று உண்மையைச் சொல்லுங்கள். உளறல், காய்ச்சல், வலிப்பு வந்தால் 108. விட வேண்டும் என்று தோன்றினால் 14446, மனசு தாங்காவிட்டால் 14416. மறுபடி ஆரம்பித்தவர்களும் கூப்பிடலாம்."