ஊறுகாய்ப் போத்தலுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

அம்மா தொடங்கிய தேசிக்காய் (எலுமிச்சை) ஊறுகாய்த் தொழில் இந்த மாதம் என் மகளின் கைக்குப் போகிறது. கணக்குக் கொப்பியைக் கொடுக்குமுன், அதில் எழுதாத கடன்களைச் சொல்லிவிட வேண்டும். பெயர் போட்டால் சிலர் கோபிப்பீர்கள், ஆகவே போடவில்லை.

1983 கலவரத்துக்குப் பின் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நாங்கள், கனடாவின் ஸ்கார்பரோவில் ஒரு பேஸ்மென்டில் குடியிருந்தோம். அம்மா செத்தல் மிளகாய் வறுத்தால் மேல்வீடு முழுவதும் இருமும். வீட்டுக்கார ஐயா ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. இருமிக்கொண்டே இறங்கி வந்து, தன் பங்கைக் கேட்டு வாங்கிப் போவார்.

ஊரில் தேசிக்காயை நான்காகப் பிளந்து, அடி பிரியாமல் உப்பை அடைத்து, தோல் பழுப்பேறிச் சுருங்கும்வரை முற்றத்தில் காயவிடுவோம். கனடாவின் தை மாதத்தில் வெயிலுக்கு எங்கே போவது? அடுப்பின் ஓவனை ஆகக் குறைந்த சூட்டில் வைத்து, கதவைச் சற்றே திறந்துவிடச் சொன்னவர் பேக்கரியில் வேலை செய்த மாமா. கண்ணாடிப் போத்தல்களைத் தந்தவர் பக்கத்து வீட்டு இத்தாலிய அம்மா. செப்டெம்பர் தோறும் குடும்பமாகத் தக்காளிச் சாறு காய்ச்சி அடைக்கும் அவர், போத்தலைக் கொதிநீரில் இட்டெடுக்கும் முறையையும் சைகையாலேயே கற்றுத்தந்தார். இருவருக்கும் பொதுவான மொழி இருக்கவில்லை, தேவைப்படவும் இல்லை.

விற்காத போத்தல்களுக்கும் காசு தந்த கடைக்கார அண்ணா, அவற்றை என்ன செய்தீர்கள் என்று அண்ணி சொல்லிவிட்டார்.

சுகாதாரப் பரிசோதகருக்குத் தனி நன்றி. புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு 4.6ஐத் தாண்டினால், அதாவது புளிப்புக் குறைந்தால், நச்சுக் கிருமி வளர இடமுண்டு என்று அவர் விளக்க, "புளிப்பை நாக்கு சொல்லாதா?" என்று அம்மா வாதாடினார். பொறுமையாக மறுபடியும் விளக்கினார். லேபிளில் ஆங்கிலத்தோடு பிரெஞ்சும் வேண்டும், கடுகு சேர்த்தால் ஒவ்வாமைப் பொருளாகக் காட்ட வேண்டும் என்ற விதிகளுக்கேற்ப லேபிளை இரவிரவாகப் பிழை திருத்திய ஆசிரியைக்கு நாங்கள் கொடுத்த சம்பளமும் ஊறுகாய்தான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, உப்புக் கூடினாலும் வெந்தயம் கருகினாலும் உடனே தொலைபேசியில் ஏசிய அன்ரிமாருக்கு நன்றி. "நல்லாயிருக்கு" என்றவர்களைவிட உங்களுக்குத்தான் அம்மா பயந்தார். அந்தப் பயத்தில்தான் ருசி மாறாமல் நின்றது. தொலைபேசி எண் அதேதான். இனி மகள் எடுப்பாள். தயவுசெய்து அவளையும் ஏசுங்கள்.

நன்றியுடன்,
ஊறுகாய் அம்மாவின் மகள்