அந்தப் பழைய வீட்டுக்கு ஒரே ஓர் ஆண்டைப் பொறிக்காதீர்கள்

வரலாற்றுக் குழு நண்பர்களுக்கு,

வணக்கம். தெருமுனையில் இருக்கும் அந்தப் பழைய சிறு வீட்டைச் செப்பனிட்டு, அதன் வயதைச் சொல்லும் கல் ஒன்றை வாசலில் பதிக்கப் போகிறீர்கள் என்று அறிந்தேன். இடிக்காமல் விட்டதே பெரிய விஷயம். ஆனால் கல்லில் எந்த ஆண்டைப் போடுவது என்று நடக்கும் பேச்சுதான் கவலை தருகிறது. 300 ஆண்டு என்கிறார் ஒருவர், 200கூட இருக்காது என்கிறார் இன்னொருவர். வாசல் நிலைக்கு மேல் செதுக்கியிருக்கும் எண்ணையே போட்டுவிடலாம் என்பது மூன்றாவது கட்சி. நான் கேட்பது இதுதான்: காரை கொத்துவதையும் வெள்ளையடிப்பதையும் நிறுத்திவைத்துவிட்டு, முதலில் வீட்டை விசாரியுங்கள்.

செதுக்கிய எண்ணிலிருந்தே தொடங்குகிறேன். ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் ஃபிட்ஸ்ராய் பூங்காவுக்குள் ஒரு சிறு வீடு இருக்கிறது. கடலோடி ஜேம்ஸ் குக்கின் பெற்றோர் வீடு. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் இருந்ததை ரஸ்ஸல் கிரிம்வேட் என்பவர் விலைக்கு வாங்கினார். அதைப் பிரித்துப் பெட்டிகளில் அடைத்துக் கப்பலேற்றி, 1934இல் மெல்பர்னில் மறுபடி எழுப்பினார்கள். வாசலுக்கு மேல் 1755 என்ற ஆண்டும் பெற்றோரின் பெயர் எழுத்துகளும் உண்டு. அதே 1755இல்தான் குக் கடற்படையில் சேர்ந்தார். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஊரை விட்டுக் கிளம்பிவிட்டவர் அவர். அந்த வீட்டில் அவர் குடியிருந்ததற்கு உறுதியான ஆதாரம் இல்லை. எண்ணில் தவறில்லை, அதன்மேல் நாம் ஏற்றும் கதையில்தான் சிக்கல். நிலைக்கு மேல் இருப்பது கட்டிய ஆண்டாக இருக்கலாம். கல்யாணம் நடந்த ஆண்டாகவோ, முன்பக்கத்தைப் புதுப்பித்த ஆண்டாகவோகூட இருக்கலாம். வேறொரு கட்டடத்திலிருந்து பெயர்த்து வந்த கல்லாக இருந்தாலும் ஆச்சரியமில்லை.

மரம் இதைவிட நம்பகமான சாட்சி. ஏ. இ. டக்ளஸ் என்ற அமெரிக்க வானியலாளர் மரத்தின் ஆண்டு வளையங்களை ஒப்பிட்டுக் காலம் கணிக்கும் முறையை வளர்த்தெடுத்தார். 1929இல் அரிசோனாவில் கிடைத்த ஒரு கரிந்த உத்தரம், வளைய வரிசையில் விட்டுப்போயிருந்த இடைவெளியை நிரப்பி, அப்பகுதியின் பழைய குடியிருப்புகளுக்கு ஆண்டுக் கணக்கைத் தந்தது. மழை நன்றாகப் பெய்த ஆண்டில் வளையம் அகலும், வறட்சியில் குறுகும். அந்த வரிசையைக் காலம் தெரிந்த வரிசையோடு பொருத்திப் பார்க்கிறார்கள். இதற்கு உத்தரத்தை அறுக்க வேண்டாம், மெல்லிய துளையிட்டு ஒரு குச்சி எடுத்தால் போதும். ஆனால் நிபந்தனைகள் உண்டு. எல்லா மரத்திலும் தெளிவான ஆண்டு வளையம் விழாது. ஐம்பதுக்கும் குறைவான வளையங்கள் இருந்தால் பெரும்பாலும் பொருத்திப் பார்க்க முடியாது. பட்டையை ஒட்டிய கடைசி வளையம் இருந்தால்தான் மரம் வெட்டிய ஆண்டு கிடைக்கும். தச்சர் பட்டையை ஒட்டிய மென்மையான வெளிறைச் செதுக்கித் தள்ளிவிட்டு வைரம் பாய்ந்த பகுதியை மட்டும் வைத்திருந்தால், ‘இந்த ஆண்டுக்குப் பிறகு வெட்டியது’ என்பதற்கு மேல் சொல்ல வழியில்லை. அப்புறம், மரம் வெட்டிய ஆண்டு வேறு, வீடு கட்டிய ஆண்டு வேறு. உத்தரத்தில் எதுவும் செருகாத பொருத்துத் துளைகளோ, காரணமில்லாத ஆணித் துளைகளோ தெரிந்தால், அது ஏற்கெனவே இன்னொரு கூரையைத் தாங்கிய கட்டையாக இருக்கக்கூடும்.

குழுவில் யாராவது, மிஞ்சியிருக்கும் கதிரியக்கக் கார்பனை அளந்து வயதைக் கணிக்கும் கார்பன் சோதனை செய்யலாம் என்பார்கள். எப்போதும் ஒருவர் சொல்வார். ஏறத்தாழ 1650 முதல் 1950 வரையான காலத்துப் பொருளுக்கு அது பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட விடைகளைத் தரும். நம் சர்ச்சையே அந்தக் காலத்துக்குள்தான் நடக்கிறது. அந்தப் பணத்தை மரத்துக்குச் செலவிடுங்கள்.

செலவே இல்லாத சாட்சிகளும் இருக்கின்றன. கம்பியை வெட்டிச் செய்யும் உருண்டை ஆணி 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பரவலானது. ஸ்டார் தலை ஸ்க்ரூ 1930களில் வந்தது. பலகையில் வில்போல் வளைந்த கோடுகள் இருந்தால் வட்ட ரம்பம் அறுத்தது; நேர்க்கோடுகள் ஏறுமாறாக இருந்தால் கையால் இழுத்த ரம்பமாக இருக்கலாம். ஜன்னல் கண்ணாடி அலையலையாக இருந்தால் அது உருகிய உலோகத்தின் மேல் மிதக்கவிட்டுச் சமதளமாகச் செய்யும் ஃப்ளோட் கண்ணாடி இல்லை என்று தெரியும். அந்த முறையை பில்கிங்டன் நிறுவனம் 1959இல்தான் அறிவித்தது. (கண்ணாடி காலப்போக்கில் வழிந்து அடியில் தடித்துவிட்டது என்று கதை சொல்வார்கள். செய்யும்போதே அப்படி அமைந்ததுதான்.) இவை அந்தந்தப் பாகத்தின் காலத்தைத்தான் சொல்லும். பழைய கதவில் புது ஆணி அடித்தவர்கள் ஏராளம்.

ஆவணங்களில் பத்திரங்களை முதலில் பாருங்கள், குறிப்பாக நான்கு எல்லைகளை. வீட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாத பத்திரம்கூட, பக்கத்து மனையின் பத்திரத்தோடு சேர்த்துப் படித்தால் பேசும். பழைய வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு கட்டடம் இருப்பது, இதே கட்டடம் இருந்தது என்பதற்குச் சான்றாகாது. வரிப் பதிவேடுகள் எனக்குப் பிடிக்கும். காசுக்காக எண்ணியவர்கள் எதையும் எளிதில் விடுவதில்லை. இங்கிலாந்தில் 1662 முதல் 1689 வரை அடுப்புக்கு வரி இருந்தது, வீட்டுக்கு வீடு அடுப்பை எண்ணி எழுதினார்கள். பதிவேட்டில் ஓர் அடுப்பு, வீட்டில் இரண்டு என்றால், பின்கட்டு எப்போது வந்தது என்று கேட்கத் தோன்றும் இல்லையா?

இப்போது அவசரமானது. போர்ட்லண்ட் சிமென்ட்டுக்குக் காப்புரிமை பெறப்பட்டதே 1824இல்தான். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவரின் மேல் அதைப் பூசினால், சுவரின் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிச் செங்கல்லை அரிக்கும். பூசுவதற்காகப் பழைய காரையைக் கொத்தினால் அடுக்கடுக்கான வெள்ளையடிப்பும், அடைத்த ஜன்னலின் விளிம்பும், சுவரோடு சுவர் சேர்ந்த ஒட்டும் போய்விடும். எது முதலில் வந்தது, எது பிறகு சேர்ந்தது என்று சொல்ல அந்த ஒட்டைவிட நல்ல இடம் கிடையாது.

ஆகவே ஒவ்வொரு சுவரையும் படம் எடுங்கள், அளந்து வரையுங்கள். கழற்றும் ஆணி, ஓடு, கண்ணாடி எதையும் எறியாமல், எங்கிருந்து எடுத்தது என்று எழுதிப் பையில் போடுங்கள். கல்லில், முன்கட்டு இன்ன காலம், கூரை இன்ன காலம், பின்கட்டு பிறகு சேர்ந்தது என்று எழுதி, எது சோதித்தது, எது ஊகம் என்பதையும் சேருங்கள். இடம் போதாது என்றால் கல்லைக் கொஞ்சம் பெரிதாக வாங்குங்கள். அளவெடுக்க ஆள் வேண்டுமென்றால் நான் வரத் தயார்.

இப்படிக்கு,
அதே தெருவில் குடியிருப்பவன்