ஸகோபானே: கடைத்தெருவுக்கு அடுத்த தெரு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் போலந்தின் மலையூரான ஸகோபானே பற்றிய பயணக் கட்டுரையைப் படித்தேன். குருபூவ்கி கடைத்தெரு, குபவூவ்கா குன்றுக்குப் போகும் ரயில், மோர்ஸ்கியே ஓகோ ஏரிக்குக் குதிரை வண்டி, மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு இரவே கிராக்கோவ் திரும்பிவிடலாம் என்று எழுதியிருந்தார்கள். என் மகள் கிராக்கோவில் வேலை பார்க்கிறாள். பிள்ளைகளோடு தங்கிவிட்டு வர அங்கே போகும் என்னைப் போன்ற பெற்றோர் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் இந்தக் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்பினால், அந்த ஊரின் நல்ல பாதியைப் பார்க்காமலே திரும்புவார்கள்.

செங்கோட்டையில் நெடுங்காலம் மரவாடி நடத்தியவன் நான். எந்த ஊருக்குப் போனாலும் என் கண் முதலில் கதவு நிலையிலும் உத்திரத்திலும்தான் போய் நிற்கும். குருபூவ்கி எனக்கு ஒரு மணி நேரத்திலேயே போதும் என்றாகிவிட்டது. வெள்ளைக் கரடி வேஷம் கட்டியவர் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொள்ளச் சொல்லிக் காசு கேட்பார். இரண்டு பக்கமும் செருப்பும் தோலும் பொம்மையும் விற்பார்கள். சரி, அதுவும் ஒரு வேடிக்கைதான். ஆனால் அந்தத் தெருவின் கீழ்முனையில் திரும்பினால் கொஷ்சியெலிஸ்கா தெரு வருகிறது. கட்டுரையில் அதன் பெயர்கூட இல்லை.

அந்தத் தெரு முழுக்க மரவீடுகள். அங்குள்ள 'கொலிபா' என்ற வீடு 1893இல் கட்டி முடிக்கப்பட்டது, இப்போது அருங்காட்சியகம். வரைந்தவர் ஸ்தனிஸ்வாவ் வித்கியேவிச், தொழிலால் ஓவியர். பணக்காரர்கள் இந்த ஊரைக் கண்டுபிடித்து சுவிஸ் பாணியில் பங்களா கட்டத் தொடங்கியபோது, உள்ளூர்த் தச்சனிடம் இல்லாத அழகா என்று அவருக்கு ஆற்றாமை. குராலே என்னும் அந்த மலைமக்களின் குடிசையையே எடுத்து, கல் அடித்தளம் போட்டு, பெரிதாக்கி, மாடி வைத்துக் கட்டிக் காட்டினார். ஸகோபானே பாணி என்று இன்றைக்குப் போலந்து முழுக்கச் சொல்வது அதைத்தான்.

சுவரை ஒட்டி நின்று பார்க்க வேண்டும். ஊசியிலை மரத்தை நெடுக இரண்டாக அறுத்து, அந்தப் பாதித் தடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். மூலையில் ஒரு தடி இன்னொன்றைக் கவ்விப் பிடித்துக்கொள்கிறது. இரண்டு தடிக்கு நடுவிலுள்ள இடுக்கில் குளிர்காற்று புகாமல் இருக்க, மெல்லிய மரச்சீவலைத் தலைப்பின்னல் போலப் பின்னி அடைத்திருக்கிறார்கள். நம் பட்டறையில் இழைத்துத் தள்ளிய சீவலை அடுப்பெரிக்கத்தான் கொடுப்போம்! கதவு நிலையில் மரமுளைகளை வரிசையாக அடித்து, அதையே அலங்காரமாக்கியிருக்கிறார்கள். உள்ளே தலைக்கு மேலே நடு உத்திரத்தில் ஆறிதழ்ப் பூ ஒன்றைச் செதுக்கி, வீடு கட்டிய ஆண்டையும் பொறிப்பது அங்கே வழக்கம்.

இதே தெருவில் 1847இல் கட்டிய சின்ன மரத் தேவாலயம் இருக்கிறது. அதன் பின்னால் பழைய கல்லறைத் தோட்டம். உல்லாசப் பயணத்தில் கல்லறையா என்று என் மனைவி முகம் சுளித்தாள். அப்புறம் அவளைத்தான் அங்கிருந்து கிளப்ப முடியவில்லை. பல கல்லறைகள் மரத்தில் செதுக்கிய சிறு கோவில் மாதிரி. வார்சாவிலிருந்து வந்து, 1873இல் காலரா பரவியபோது ஊராருக்கு வைத்தியம் பார்த்து, இந்த மலைக்காற்றின் பெருமையை வெளியுலகுக்குச் சொன்ன டாக்டர் ஹவுபின்ஸ்கி அங்கேதான் இருக்கிறார். அவருக்கு வழிகாட்டியாகவும் கதைசொல்லியாகவும் இருந்த சபாவா என்ற பிடில்காரரும் அங்கேதான். ஹெலேனா மருசாஷுவ்னா என்ற பனிச்சறுக்கு வீராங்கனையின் கல்லறையும் உண்டு. போர்க்காலத்தில் மலைவழியே ரகசியச் செய்தி கொண்டுபோனதற்காக ஜெர்மானியர் அவரை 1941இல் சுட்டுக் கொன்றார்கள்.

இன்னொரு கூத்தும் அங்கே நடந்திருக்கிறது. வித்கியேவிச்சின் மகனும் பெரிய எழுத்தாளர், ஓவியர்; 1939இல் இன்றைய உக்ரைன் பகுதியில் தற்கொலை செய்துகொண்டார். 1988இல் அவர் எலும்பைத் தோண்டி எடுத்துவந்து, அரசு மரியாதையோடு இங்கே அவருடைய அம்மாவின் கல்லறையில் வைத்தார்கள். பிறகு திறந்து சோதித்தால் அது யாரோ ஒரு இளம்பெண்ணின் எலும்பு!

தெருவோரத்தில் வாட்டிக் கொடுக்கும் ஒஸ்சிபெக் பாலாடைக்கட்டியைப் பற்றிக் கட்டுரையில் இருந்ததும் பாதிதான். செம்மறி ஆட்டுப்பால் கலந்து, செதுக்கிய மர அச்சில் அழுத்தி, உப்புநீரில் ஊறவைத்து, இடையர் குடிசையின் கூரைக்கடியில் புகை போடுவார்கள். 2008 முதல் ஐரோப்பிய ஒன்றியம் அந்தப் பெயருக்குப் பாதுகாப்புக் கொடுத்திருக்கிறது. ஆடு மேயும் மே முதல் செப்டம்பர் வரைதான் அதைச் செய்யலாம். ஆகவே கிறிஸ்துமஸுக்குப் போகிறவர்கள் தட்டில் விழுவது பெரும்பாலும் பசும்பால் கட்டியாகத்தான் இருக்கும். ருசிக்குக் குறைவில்லை, விலை கொடுக்கும்போது மட்டும் யோசியுங்கள்.

நடக்க முடியாதவர்களுக்கு மலை உச்சியும் எட்டாததல்ல. குஷ்நீத்சேயிலிருந்து கஸ்ப்ரோவி வியெர்ஹ் சிகரத்துக்குக் கம்பிவடக் கார் 1936 முதல் ஓடுகிறது. உயரம் 1,987 மீட்டர். அந்த முகட்டில்தான் ஸ்லோவாக்கிய எல்லை. நடுவில் ஒரு முறை கார் மாற வேண்டும். ஜூலையிலும் ஸ்வெட்டர் அவசியம். ஹால்னி என்ற மலைக்காற்று பலமாக அடித்தால் காரை நிறுத்திவிடுவார்கள் என்பதால் அன்றைய நிலவரத்தைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

கியெவோன்ட் சிகரத்தைக் 'குடும்பத்தோடு ஏறலாம்' என்று எழுதியதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. மேலே கடைசி ஏற்றத்தில் இரும்புச் சங்கிலியைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். உச்சியில் 1901இல் நட்ட 15 மீட்டர் இரும்புச் சிலுவை வேறு நிற்கிறது. 2019 ஆகஸ்ட் 22 அன்று அங்கே இடி விழுந்து, அந்த மலைப்பக்கத்தில் நான்கு பேர் இறந்தார்கள். அதில் இரண்டு பேர் குழந்தைகள். கோடையில் மதியத்துக்கு மேல் அங்கே இடிமழை திடீரென்று வரும். இதையெல்லாம் சொல்லாமல் ஊர்க்காரர்களை மேலே அனுப்பலாமா?

கடைசியாக, மோர்ஸ்கியே ஓகோ. அருமையான ஏரி, போகாமல் வராதீர்கள். ஆனால் குதிரை வண்டி ஏரிக்கரை வரை போகும் என்று அச்சிட்டிருப்பது தவறு. ஒன்பது கிலோமீட்டர் பாதையில் வ்வோசியெனித்சா என்ற இடத்தைத் தாண்டி வண்டி போகாது. அங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் ஏற்றத்தில் நடந்தே போக வேண்டும். பாரம் இழுக்கும் குதிரைகளின் நிலை பற்றி அங்கே பல வருடமாகச் சண்டை நடக்கிறது. மின்சாரப் பேருந்தும் வந்துவிட்டது. எதில் போவது என்பது அவரவர் விருப்பம். மூட்டுவலிக்காரர்களுக்கு அந்தக் கடைசி ஏற்றம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அடுத்த ஞாயிறு இணைப்பில் இந்தத் திருத்தத்தை மட்டுமாவது வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மரவாடிக்காரர்,
செங்கோட்டை