சிறுவர் வாசிப்புப் பிரிவு: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சந்தா, வரவு செலவு விவரங்கள் பொருளாளர் அறிக்கையில் உள்ளன. சொற்களில்லாப் படநூல்களை ஞாயிறு வாசிப்பில் பயன்படுத்தியது பற்றி மட்டும் இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் எடுத்தது அமெரிக்க ஓவியர் ஜெர்ரி பிங்க்னியின் ‘சிங்கமும் எலியும்’. 2009-இல் வெளிவந்து, 2010-இல் சிறுவர் படநூல்களுக்கான அமெரிக்க விருதான கால்டெகாட் பதக்கம் பெற்ற நூல். ஈசாப் கதை, ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டிப் புல்வெளியில் நடக்கிறது. உறுமல், கீச்சொலி போன்ற ஓசைகள் தவிர எழுத்து கிடையாது. முன்னட்டையில் தலைப்புகூட இல்லை, சிங்கத்தின் முகம் மட்டும்தான். நூலிருப்புப் பதிவேட்டில் ‘மொழி’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்பது இன்னும் தீரவில்லை.

தெரிந்த கதை என்பதுதான் இதில் பெரிய இடைஞ்சல். பெரியவர் "ஒரு காட்டுல ஒரு சிங்கம்" என்று தொடங்கிவிட்டால் குழந்தைகள் படத்தை விட்டுவிட்டு அவர் வாயைப் பார்ப்பார்கள். ஆந்தைக்குப் பயந்து ஓடித்தான் எலி சிங்கத்திடம் மாட்டுகிறது. அது படத்தில் இருக்கிறது, நாம் கேட்ட கதையில் இல்லை. ஆகவே முதல் சுற்றில் பெரியவர் பேசக்கூடாது. பக்கத்துக்குப் பத்து எண்ணும் நேரம் காத்திருந்து புரட்ட வேண்டும்.

குழுவுக்கு ஆறு பேர் போதும். கூடினால் ஓரத்தில் இருப்பவருக்கு நடுமடிப்பில் உள்ளது மறைந்துவிடும். இரண்டாம் சுற்றில் "இது என்ன?" என்று கேட்டால் "சிங்கம், மரம், கயிறு" என்று பெயர்ப்பட்டியல்தான் வரும். "இங்க என்ன நடக்குது? எதப் பாத்துச் சொல்ற?" என்று கேட்டால் கை படத்துக்குப் போகும். மூன்றாம் சுற்றில் குழந்தை சொல்வதைப் பெரியவர் அப்படியே எழுத வேண்டும். "எலி கயித்தக் கறுக்கு கறுக்குன்னு கடிக்குது" என்பதை ‘கயிற்றைக் கடிக்கிறது’ என்று திருத்தினால் அடுத்த வாக்கியம் வராது. யானைகளைக் கட்டியிருந்த கயிறுகளை எலிகள் அறுத்த பஞ்சதந்திரக் கதையை அதன்பிறகு சொல்லலாம்.

புரட்டும்போது இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு போவது சாதாரணமாக நடப்பது. எழுத்து இல்லாததால் விடுபட்டது யாருக்கும் தெரியாது. சிங்கம் வலையில் தொங்கும், எப்படி மாட்டியது என்பது காணாமல் போயிருக்கும். தொடங்குமுன் தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து விடவும். அட்டையின் உட்புறத் தாள்களையும் தாண்டக்கூடாது, அங்கும் கதை ஓடுகிறது. கறுப்பு வெள்ளை நகல் உதவாது, வலையும் புல்லும் ஒரே கோடுகளாகிவிடும்.

அறுத்த கயிற்றின் முடிச்சு ஒன்றை எலி தன் குஞ்சுகளிடம் கொண்டு போகிறது. அந்தப் பக்கத்தில் ‘நீதி என்ன?’ என்று கேட்பதைத் தன்னார்வலர்கள் தயவுசெய்து நிறுத்த வேண்டும். முடிச்சு எதற்கு என்று குழந்தைகளே விவாதிக்கட்டும்.

"படிக்க ஒன்றுமில்லாத புத்தகத்துக்கு இவ்வளவு விலையா?" என்ற பெற்றோர் கேள்விக்கு, நூலை ஒரு வாரம் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதே பதில். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் அதைப் பேரனோடு சேர்ந்து வாசிக்கலாம்.

வரும் ஆண்டில் புதுத் தலைப்புகளைக் குறைத்து, ஒரே நூலில் இரண்டு பிரதிகள் வாங்கப் பொதுக்குழுவின் ஒப்புதல் தேவை. ஒன்று வாசிப்புக்கு, மற்றது வீட்டுக்கு.

இப்படிக்கு,
செயலாளர்