கொடி சுற்றினால் என்ன

சத்துவாச்சாரி,
வேலூர்.

அன்புள்ள கண்ணு,

நேற்று ராத்திரி நீ போனில் அழுததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. பிள்ளையின் கழுத்தில் கொடி ஒரு சுற்று சுற்றியிருப்பதாக ஸ்கேனில் எழுதியிருக்கிறார்கள், சரி. நீ அழுதது அதற்காகக்கூட இல்லை. "கொடி சுற்றிப் பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாதே" என்று குடியாத்தத்து அத்தை சொன்னதற்காக. உன் தம்பியிடம் சொன்னேன். "எனக்கு ஆகாதது அத்தைதான்" என்று சிரிக்கிறான்.

போனில் எனக்குக் கோர்வையாகப் பேச வராது. 28 வருஷம் ஆஸ்பத்திரி லேபில், மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதற்காகச் சதைத் துண்டு பதித்த மெழுகுக் கட்டியைச் சீவியவள், எழுதினால்தான் சரிப்படும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தொப்புள்கொடித் துண்டை மெழுகில் நிற்க வைக்காமல் படுக்க வைத்துவிட்டேன். சீவினால் நீளவாக்கில் வெட்டுப்பட்டு ஒன்றும் புரியவில்லை. "ரத்தக் குழாயை எண்ணத்தானே இதை வைக்கிறோம், இதில் எதை எண்ணுவது?" என்று டாக்டரம்மா ஸ்லைடைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மறுபடி குறுக்கே சீவி, சாயம் ஏற்றி, லென்ஸில் வைத்துப் பார்த்தபோது எனக்கு நுங்குதான் ஞாபகம் வந்தது. காட்பாடி ரோட்டில் சீவித் தருவார்களே, மூன்று கண் தெரிய, அதே மாதிரி மூன்று ஓட்டை. இரண்டு தமனி, ஒரு சிரை. நுங்கில் கண்ணுக்குள்ளே வழுவழுப்பு. கொடியில் கண்ணைச் சுற்றி.

அந்த வழுவழுப்புக்கு வார்ட்டன் ஜெல்லி என்று பேர். 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் இருந்த தாமஸ் வார்ட்டன் என்ற டாக்டரின் பேர் அது. அங்கங்கே நட்சத்திரம் மாதிரி செல்கள், மற்றதெல்லாம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் கூழ். கொடி முறுக்கினாலும் மடங்கினாலும் குழாய் நசுங்காமல் காப்பது இந்தக் கூழ்தான். குழாய்களும் பழைய டெலிபோன் ஒயர் மாதிரி சுருண்டுதான் ஓடும். கொடி 50, 60 செ.மீ. நீளம். பிள்ளையோ உள்ளே குட்டிக்கரணம் போடுகிறது. ஏறக்குறைய நாலு பிரசவத்தில் ஒன்றில் இப்படிச் சுற்றியிருக்கும். தலை வெளியே வந்ததும் பெரும்பாலும் விரலால் எடுத்துவிடுவார்கள். அத்தை கணக்குப்படி பார்த்தால் வேலூரில் தாய்மாமனே மிஞ்சியிருக்கக் கூடாது!

அதுவும் பிள்ளை இப்போது தொண்டையால் மூச்சுவிடவில்லை. பிராணவாயு வருவதே அந்த ஒற்றைச் சிரை வழியாகத்தான். அசைவு குறைந்த மாதிரி தோன்றினால் மட்டும் விடியட்டும் என்று இருக்காதே, உடனே ஆஸ்பத்திரிக்குப் போ.

அப்புறம், "என் ரத்தம்தானே அதுக்குள்ள ஓடுது" என்றாய். இல்லை. நஞ்சை, அதாவது கொடியின் மறுமுனையில் கர்ப்பப்பையோடு ஒட்டியிருக்கும் சதையை, சீவிப் பார்த்தால் திட்டுத் திட்டாகத் தீவுகள் தெரியும். நஞ்சுக்குள் விரல் விரலாக நீட்டிக்கொண்டு, கிளை கிளையாகப் பிரிந்திருக்கும் சதையின் குறுக்குவெட்டு அவை. விரலுக்குள் பிள்ளையின் ரத்தம். வெளியே குளம் மாதிரி உன் ரத்தம். நடுவில் ஒரு மெல்லிய போர்வை. அதன் மேலடுக்கில் செல்லுக்குச் செல் சுவரே கிடையாது. தடுப்பில்லாத கல்யாண மண்டபத்தில் பந்திக்கு உட்கார்ந்த மாதிரி ஊதா நிற உட்கருக்கள் வரிசையாக இருக்கும். சின்சிஷியம் என்பார்கள். மாசம் ஏற ஏறப் போர்வை மெலியும். கடைசியில் சில இடங்களில் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குதான். பிராணவாயு, சர்க்கரை, உன் உடம்பின் நோய் எதிர்ப்புப் புரதத்தில் ஒரு வகை எல்லாம் அதைத் தாண்டிப் போகும். இரண்டு ரத்தமும் தனித்தனியாகத்தான் ஓடும். அந்த விரல்களை எல்லாம் விரித்துப் போட்டால் 10 சதுர மீட்டருக்கு மேல், நம் வீட்டுக் கூடம் அளவுக்கு வரும். அரைக்கிலோ சதைக்குள் இவ்வளவு வேலைப்பாடு. பிரசவம் ஆனதும் வாளியில் போடுகிறோம், எனக்கு அது என்னவோ மனசு ஆறாது.

உன் கொடி உதிர்ந்தபோது பாட்டி அதை வெள்ளித் தாயத்தில் அடைத்து அரைஞாணில் கட்டினாள். பீரோவில் இருந்ததை இன்று காலையில் எடுத்துக் குலுக்கினேன். கலகலவென்கிறது. ஜெல்லியின் தண்ணீரெல்லாம் வற்றிச் சுக்காகியிருக்கும். திறந்து ஒரு செக்‌ஷன் போட்டுப் பார்க்கக் கை துறுதுறுக்கிறது, பாட்டிக்குப் பயந்துதான் விட்டுவைத்திருக்கிறேன். அடுத்த மாசம் வரும்போது எடுத்து வருகிறேன்.

அம்மா