ஸ்டான் என்று சொல்லிக்கொள்ளும் பிள்ளைகள்

அன்புள்ள தோழிக்கு,

நலம், நலமறிய ஆவல். மகளின் பொதுத்தேர்வு முடியட்டும் என்று காத்திருந்ததால் பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துவிடு. உன் மகளுக்கும் கொரிய இசைக்குழுக்களின் மீது பித்துப் பிடித்திருப்பதாக எழுதியிருந்தாய். அதைப் பற்றியே எழுத உட்கார்ந்தேன்.

சென்ற வாரம் இரவு உணவின்போது, பாடகர் ஒருவரின் படம் அச்சிட்ட சிறு அட்டையைக் கைப்பேசியின் உறைக்குள் செருகியபடியே, "அம்மா, நான் இவரோட ஸ்டான்" என்றாள் என் மகள். ரசிகை என்றால் போதாதா என்று கேட்டேன். "ரசிகைன்னா பாட்டு கேக்கறவங்க, ஸ்டான் வேற" என்றாள்.

வெறித்தனமான ரசிகரைக் குறிக்கும் அந்தப் பெயர் 2000-ஆம் ஆண்டு அமெரிக்க ராப் பாடகர் எமினெம் வெளியிட்ட பாடலில் வரும் ரசிகனுடையது என்பது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. அவன் பாடகருக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதுகிறான். பதில் வராமல் போகப் போக அவனது அன்பு கோபமாகத் திரிகிறது. கடைசியில் கர்ப்பிணியான காதலியைக் காரின் பின்பெட்டியில் அடைத்துவிட்டு, தன் பேச்சை ஒலிநாடாவில் பதிவு செய்துகொண்டே காரைப் பாலத்திலிருந்து தண்ணீருக்குள் செலுத்திவிடுகிறான். பாடகர் பரிவோடு எழுதும் பதில் அதற்குப் பிறகுதான் வருகிறது. மறு ஆண்டே நாஸ் என்ற ராப் பாடகர் தன் போட்டியாளரை இழிவுபடுத்த அச்சொல்லைப் பயன்படுத்தினார். 2019-இல் அது மெரியம்-வெப்ஸ்டர் அகராதியில் ஏறியபோது, ரசிகர்கள் அதைத் தங்கள் சட்டையில் குத்திக்கொள்ளும் பதக்கமாகவே ஆக்கியிருந்தார்கள். எச்சரிக்கையாகப் பிறந்த சொல் இப்படி மாறியது என்னை உண்மையிலேயே கவலைப்பட வைக்கிறது.

ஜப்பானில் 'ஒடாகு' என்ற சொல்லும் இதே பாதையில் நடந்ததுதான். 'உங்கள் வீடு' என்று பொருள்படும் அச்சொல் 'தாங்கள்' என்பதுபோல் மரியாதையாக விளிப்பதற்கும் பயன்படும். காமிக்ஸ் ரசிகர்கள் தங்களுக்குள் அப்படி அழைத்துக்கொண்டதைக் கேலி செய்து 1983-இல் எழுத்தாளர் நகாமோரி அகியோ எழுதினார். 1989-இல் சிறுமிகளைக் கொன்றவன் பிடிபட்டு, அவன் அறையில் குவிந்திருந்த வீடியோ நாடாக்கள் வெளியே தெரிந்தபின் அச்சொல்லில் அச்சமும் அருவருப்பும் ஒட்டிக்கொண்டன. இன்றோ உலகெங்கும் இளைஞர்கள் அதை மகிழ்ச்சியோடு சொல்லிக்கொள்கிறார்கள்.

ஆனால் கொரியாவின் 'சாசெங்' மட்டும் இன்றும் கறை நீங்காமல் இருக்கிறது. தனிப்பட்ட வாழ்க்கை என்ற பொருளுடைய கொரியச் சொல்லிலிருந்து வந்தது அது. பாடகர்களின் வாகனத்தை டாக்சியில் துரத்துவோரையும், விமானப் பயண விவரத்தைக் காசு கொடுத்து வாங்குவோரையும், வீட்டு வாசலில் இரவெல்லாம் காத்துக் கிடப்போரையும் குறிக்கிறது. பின்தொடர்ந்து தொல்லை தருவதைத் தண்டிக்கும் தனிச்சட்டம் அந்நாட்டில் 2021 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது.

சாசெங் ஆட்களைப் பற்றி என் மகளிடம் கேட்டபோது அவள் முகம் மாறியது. "அவங்கள ரசிகர்னே சொல்லாதீங்கம்மா" என்றாள். உன் பாடகரின் வீடு எங்கே என்று யாராவது சொன்னால் என்ன செய்வாய் என்றேன். சற்று யோசித்துவிட்டு, "கேட்டுக்க மாட்டேன்" என்றாள். எனக்கு அன்று நிம்மதியாக இருந்தது. உன் மகளிடமும் இதே கேள்வியைக் கேட்டு, அவள் சொல்வதை அப்படியே எழுது.

அன்புடன்,
உன் தோழி